விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் விர்ட்ஐஓ டிரைவர்: நாகர்கோவில் லேப் நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

கேவிஎம் (லினக்ஸில் மெய்நிகர் கணினி ஓட்டும் வசதி) மெஷினில் விண்டோஸ் 11 செட்டப், எந்த டிஸ்கில் போடட்டும் என்று கேட்கும் இடத்தில் பட்டியலைக் காலியாகக் காட்டும். டிஸ்கில் குறை எதுவும் இல்லை. அந்த மெய்நிகர் டிஸ்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் விர்ட்ஐஓ டிரைவர் மைக்ரோசாப்ட் ஐஎஸ்ஓவில் (நிறுவும் டிஸ்கின் முழு நகல் ஃபைல்) கிடையாது, அதுதான் காரணம். ஒரே மெஷின் என்றால் விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, 'லோடு டிரைவர்' கொடுத்துவிடலாம். லேப் முழுக்கப் போடுவதென்றால் நிறுவிக்குள்ளேயே சேர்ப்பதுதான் சரி.

மெஷினின் டிஸ்கை விர்ட்ஐஓ ஸ்கஸி கன்ட்ரோலரில் மாட்டியிருந்தால் வயோஸ்கஸி டிரைவர், விர்ட்ஐஓ பிளாக் வகையில் என்றால் வயோஸ்டோர். சந்தேகம் வந்தால் டிவைஸ் எண்ணைப் பாருங்கள். வெண்டர் எண் 1ஏஎஃப்4; டிவைஸ் எண் 1001, 1042 என்றால் பிளாக், 1004, 1048 என்றால் ஸ்கஸி.

ஜூன் 4, புதன்

விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இருப்பதை எல்லாம் டிஸ்குக்கு காப்பி செய்தாயிற்று. காப்பியான விம் ஃபைல்களில் (விண்டோஸ் ஃபைல்களைச் சுருக்கி அடைத்த இமேஜ்கள்) ரீட்-ஒன்லி குறி ஒட்டிக்கொண்டே வரும். அதை எடுக்காமல் டிஸ்மில் (இமேஜை மாற்றும் விண்டோஸ் கட்டளைக் கருவி) மவுண்ட் செய்தால், அதாவது ஒரு ஃபோல்டரில் திறந்தால், மாற்ற அனுமதி இல்லை என்று சி1510111 பிழை வரும். உள்ளே இன்ஸ்டால்.விம்முக்குப் பதில் இன்னும் இறுக்கிச் சுருக்கிய இன்ஸ்டால்.இஎஸ்டி இருந்தால் மவுண்ட் செய்து மாற்ற முடியாது; வேண்டிய எடிஷனை (ஹோம், ப்ரோ போன்றது) முதலில் விம் ஆக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

செட்டப்பைத் தொடங்கும் பூட்.விம்மில் இரண்டு இண்டெக்ஸ், அதாவது எண்ணிட்ட இரண்டு இமேஜ்கள். செட்டப் ஓடுவது 2-இல். 1-இல் மட்டும் டிரைவர் சேர்த்தால் பட்டியல் காலியாகவேதான் இருக்கும். சேர்க்கும்போது விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவில் அந்த டிரைவரின் டபிள்யூ11 ஃபோல்டருக்குள் இருக்கும் ஏஎம்டி64-ஐ மட்டும் காட்டுங்கள். அந்த ஐஎஸ்ஓ முழுவதையும் ரிகர்ஸ் (உட்ஃபோல்டர்களையும் சேர்த்து) கொடுத்தால் பழைய விண்டோஸ் டிரைவர்களும் சேர்ந்து விம் வீணாகப் பெருத்துவிடும்.

ஜூன் 5, வியாழன்

பலர் பூட்.விம்மோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபைல் காப்பி ஒழுங்காக முடியும். ஆனால் முதல் ரீஸ்டார்ட்டில் நீலத்திரை, 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கலாம். டிஸ்கில் பதியும் விண்டோஸ் இருக்கும் இன்ஸ்டால்.விம்மிலும் அதே டிரைவர் வேண்டும், அதுவும் நீங்கள் போடப்போகும் எடிஷனின் இண்டெக்ஸில். எந்த எண் எந்த எடிஷன் என்பதை முதலில் டிஸ்மில் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் டிரைவரான நெட்கேவிஎம்மையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள். நெட்வொர்க் இல்லையென்றால் விண்டோஸ் 11-இன் முதல் அமைப்புத் திரை இணையம் கேட்டு, அதற்குமேல் நகராது.

இன்னொரு விம் ஒளிந்திருக்கிறது. மவுண்ட் செய்த இன்ஸ்டால் இமேஜில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்று உள்ளே போனால் ரிப்பேர் திரைக்கான வின்ஆர்இ.விம். இதில் டிரைவர் இல்லாவிட்டால் அன்றாட வேலைக்கு ஒன்றும் ஆகாது. என்றைக்காவது விண்டோஸ் பூட் ஆகாமல் ரிப்பேர் திரை வரும்போது டிஸ்க் கண்ணில் படாது, மீட்கவும் வழியிருக்காது. ஆகவே அதை வேறொரு காலி ஃபோல்டரில் மவுண்ட் செய்து டிரைவர் சேர்த்து, முதலில் உள்விம்மை கமிட் (மாற்றங்களைச் சேமிப்பது), பிறகே வெளிவிம்மை கமிட்.

ஜூன் 6, வெள்ளி

குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கரண்ட் போய்ப்போய் வரும். கமிட் ஓடும்போது மெஷின் அணைந்தால் விம் பாதி எழுதிய நிலையில் கெட்டுப்போகலாம். யுபிஎஸ் இல்லாமல் கமிட் கொடுக்காதீர்கள். மூல விம்மின் காப்பி தனியாக இருக்கட்டும்.

மவுண்ட் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்தபடி அன்மவுண்ட் செய்தால் சி1420117 பிழை வரும். ஜன்னலை மூடிவிட்டு மறுபடி அன்மவுண்ட் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்மின் கிளீனப்-மவுண்ட்பாயிண்ட்ஸ் கட்டளை.

ஜூன் 7, சனி

ஆஸ்சிடிஇமேஜ் என்ற மைக்ரோசாப்ட் கருவி கொண்டு ஐஎஸ்ஓ கட்டும்போது, யுஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த பூட் முறை) மெஷினுக்கான எஃபிசிஸ்.பின் கட்டாயம். பழைய பயாஸுக்கான ஈடிஎஃப்எஸ்பூட் மட்டும் கொடுத்தால் யுஇஎஃப்ஐ மெஷின் அந்த ஐஎஸ்ஓவில் பூட் ஆகாது. யுடிஎஃப் ஃபைல் அமைப்பிலேயே கட்டுங்கள், இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டினாலும் கவலையில்லை.

ஏற்கெனவே சாட்டா டிஸ்கில் விண்டோஸ் ஓடும் மெஷின்களை விர்ட்ஐஓவுக்கு மாற்ற இந்த வேலையே வேண்டாம். விர்ட்ஐஓ கன்ட்ரோலரில் 1 ஜிபி டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டி, உள்ளே டிரைவரைப் போட்டு, அந்தச் சின்ன டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தபின் ஷட்டவுன் செய்து மெயின் டிஸ்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, பூட் வரிசையில் அதை முதலில் வைத்துவிட்டு, சின்னதைக் கழற்றிவிடலாம்.