செத்துப்போன ஹைப்போவும் பூட்டிய அலமாரியும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆடிட் வருகிறது என்றதும் ஸ்பில் கிட், அதாவது ரத்தம் சிந்தினால் சுத்தம் செய்யும் சாமான்கள் அடங்கிய தொகுப்பு, தயார் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. கையுறை, மாஸ்க், டிஷ்யூ, மஞ்சள் பை எல்லாம் ஒரே நாளில் வாங்கியாயிற்று. மாட்டிக்கொண்டது ஹைப்போ என்கிற கிருமிநாசினியில்தான் (சோடியம் ஹைப்போகுளோரைட்).

இருந்த கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தது. ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் ஊற்றினால் எங்களுக்கு வேண்டிய 1 சதவீதம், கணக்கு சரி. ஆனால் மூடியைத் திறந்தால் நெடியே இல்லை. சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னலோரம் கிடந்த கேன். சூடும் வெளிச்சமும் பட்டால் ஹைப்போ வீரியம் இழந்துவிடும். செவ்வாப்பேட்டைக்கு ஓடிப் புதிதாக வாங்கி வந்தேன். அதில் தயாரிப்புத் தேதியே இல்லை! சீலை உடைத்ததால் கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார். காசு கொடுக்கும் முன் தேதியையும் சதவீதத்தையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒத்திகை. பீட்ரூட் சாறு நிரப்பிய கண்ணாடிக் குழாயைத் தரையில் போட்டு உடைத்தோம். "நகரு கண்ணு, ஒரு நிமிஷத்துல தொடச்சிடறேன்" என்று துப்புரவு அக்கா மாப்போடு ஓடி வந்தார். வாளியில் இருந்தது பாத்ரூம் ஆசிட். அதோடு ஹைப்போ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மாப்பைப் பிடுங்குவதற்குள் அக்கா வெறும் விரலால் கண்ணாடித் துண்டை எடுக்கக் குனிந்துவிட்டார். கிட்டைத் துழாவினால் இடுக்கியைக் காணோம். வாங்கவே மறந்திருக்கிறேன்.

இடுக்கி வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒத்திகை. இந்தமுறை ஸ்பில் கிட்டையே காணோம். பத்திரமாக இருக்கட்டும் என்று மேனேஜர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போயிருந்தார். நல்லவேளை, சிந்தியது பீட்ரூட்.

இப்போது கிட், ரத்த மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் பக்கத்துச் சுவரில், பூட்டில்லாமல் தொங்குகிறது. ஹைப்போ இருட்டு அறையில். கலக்குவது தினமும் காலையில்.

ஆடிட் அன்று வந்தவர் என்னை விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டு, "ரத்தம் கொட்டினால் என்ன செய்வீங்க, செய்து காட்டுங்க" என்றார். அக்கா கையுறையை மாட்டினார், டிஷ்யூவை விரித்தார், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஹைப்போவை ஊற்றினார். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்து, "அரை மணி நேரம் ஆவும். ஒதுங்கி நில்லுங்க சார், மிதிச்சிடாதீங்க" என்றார்.