இடது கைக் குறிப்பு

அக்டோபர் 6, திங்கள்

இடது கையால் தட்டுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும். மாவுக்கட்டு ஆறு வாரமாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஒற்றைக் கைக்குக் கூஸ்கூஸைப் போல, ரவை மாதிரிப் பரல் பரலாக இருக்கிற அதைப் போல, தோதான சாப்பாடு வேறு இல்லை. வெட்ட வேண்டாம், பிசைய வேண்டாம், அடுப்படியில் நின்று கிளற வேண்டாம். கிண்ணத்தில் கொட்டிக் கொதிநீர் ஊற்றி ஒரு தட்டைப் போட்டு மூடினால் ஐந்து நிமிடம். பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். பாதி மேடையில், கொஞ்சம் தரையில், கொஞ்சம் என் மேல்.

தண்ணீர் போதாதோ என்ற பயத்தில் ஒரு கப்புக்கு ஒன்றரை கப் ஊற்றிவிட்டேன். கூழ். உப்பும் போடவில்லை. அப்படியே குடித்துவிட்டுப் படுத்தேன்.

பூசணி மேடையில் இருக்கிறது. விழுவதற்கு முந்தின நாள் வாங்கியது. பட்டர்நட், கழுத்து நீண்டு, அடி பருத்து, ஒன்றேகால் கிலோ. நான் எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

ஒன்றுக்கு ஒன்று. அதுதான் கணக்கு. ஒரு கப் கூஸ்கூஸ், ஒரு கப் கொதிநீர், அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் ஊற்றும் முன்பே ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விட்டு விரலால் புரட்டிவிட்டால் பரல் பரலாக நிற்கிறது. மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. அப்புறம் ஃபோர்க்தான். ஸ்பூனால் கிளறினால் அமுங்கிக் கட்டி தட்டிவிடும். ஃபோர்க்கை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கோழி சீய்ப்பது போல மேலாக இழுக்க வேண்டும். என் இடது கைக்கு அந்த நளினம் இல்லை, குத்துகிறது. கிண்ணம் வேறு சுற்றிக்கொண்டே போகிறது. அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டேன், நின்றது. என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

போனில் தம்பி. "என்னக்கா, தினமும் கசகசாவா சாப்பிடுறே?"

கூஸ்கூஸ்டா என்றேன்.

"ஏதோ ஒண்ணு. சனிக்கிழமை வர்றேன், அந்தப் பூசணிய வெட்டித் தந்துட்டுப் போறேன்."

வேண்டாம் என்றேன். பட்டென்று வந்துவிட்டது.

அக்டோபர் 10

கட்டுக்குள் அரிப்பு. கூஸ்கூஸ் பரல் ஒன்று உள்ளே போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை சிதறியதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

அந்தச் சூட்டுப் பெட்டியைத் தமிழில் 'அவன்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் எழுதிப் பார்த்தேன். அவன் நன்றாகச் சூடாகட்டும். அவனை அடிக்கடி திறக்காதே. அவனுக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார். சிரித்துக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிட்டேன். இந்தக் குறிப்பில் அது ஓவன். கடைசிவரை ஓவன்.

தாள்கள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. வலது கை இல்லாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போட?

அக்டோபர் 14, செவ்வாய்

கத்தி படாமல் சுடக்கூடிய காய் எது எது என்று யோசித்தபடி காலையைக் கழித்தேன். காலிஃபிளவரைக் கையால் பிய்க்கலாம், மேடையில் ஒரு குத்துவிட்டால் தானே உடைகிறது. விரல் தடிமன் கேரட்டை முழுசாகப் போடலாம். முளைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்) சின்னதாக இருந்தால் முழுசாக, ஆனால் பாதியாக வெட்டினால்தான் வெட்டுவாய் சிவந்து ருசிக்கும். வேகவைத்த கொண்டைக்கடலைக்குக் கத்தியே வேண்டாம். பூண்டை முழுக் குமிழாக வைத்துவிட்டால் பிறகு பிதுக்கி எடுக்கலாம், இடது கைக்குப் பிதுக்க நன்றாக வருகிறது.

பேராசை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கினேன், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓவன் 220 டிகிரியில்தான் இருந்தது; முப்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் வெந்து வெளிறிப்போய்க் கிடக்கின்றன. சிவப்பதற்கு மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரியைத் தொட வேண்டும். ஈரம் இருக்கிறவரை அது நூறைத் தாண்டாது. நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வேகிறது, நனைந்த பஸ்ஸில் நிற்கிற ஜனங்களைப் போல. காய்க்கும் காய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

எனக்கும் வேண்டியிருந்தது. அதைக் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. சரி, விடு.

அக்டோபர் 15

இரண்டு தட்டாகப் பிரித்தேன். சீரகம், கொத்தமல்லி விதை, துளி பட்டைத்தூள். காலிஃபிளவர் ஓரமெல்லாம் கருகிய பழுப்பு. நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டேன். கூஸ்கூஸ் போட மறந்துபோனது.

அக்டோபர் 18, சனி

பீட்ரூட். தோல் சீவாமல் ஃபாயிலில் சுற்றி 200 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். சுற்றுவதுதான் பாடு, ஒரு முனையை முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெந்தபின் தோல் கட்டைவிரலுக்கே வழுக்கி வருகிறது, சட்டை கழற்றுவது போல. ஒன்று கைநழுவி உருள, அனிச்சையாக வலது கையால் தடுத்தேன். மாவுக்கட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

கூஸ்கூஸில் பீட்ரூட்டைக் கலக்கவே கூடாது. மேலே வைத்துப் பரிமாற வேண்டும். கலந்தால் ஐந்தே நிமிடத்தில் கிண்ணம் முழுக்க ரோஜா நிறம், அப்புறம் கேரட் எது, வெங்காயம் எது என்றே தெரியாது. எனக்குத் தெரிந்தும் கலந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பூசணி இன்னும் அங்கேதான். தம்பி வந்து அதைத் தூக்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 23, வியாழன்

எக்ஸ்ரே. எலும்பு நேராகச் சேர்கிறதாம். டாக்டர் கட்டைப் பார்த்துப் பதறி, "என்னம்மா, ரத்தமா?" என்றார். பீட்ரூட் என்றேன். நம்பவில்லை, முகர்ந்து பார்த்தார்.

கட்டைப் பிரித்த பிறகும் பிடி வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். எவ்வளவு நாள் என்று இரண்டு தடவை கேட்டேன். சீக்கிரம் சரியாக வேண்டும் என்ற ஆவல் என்று நினைத்திருப்பார்.

அக்டோபர் 25, சனி

தம்பி கூஸ்கூஸ் வாங்கி வந்தான், மாற்றி வாங்கிவிட்டான். மிளகு அளவு உருண்டை உருண்டையாக, முத்துக் கூஸ்கூஸ். இது வேறு சாதி. 1950-களில் இஸ்ரேலில் அரிசித் தட்டுப்பாட்டின்போது செய்யத் தொடங்கிய பாஸ்தா வகை, ஊறவைத்தால் ஆகாது, கொதிக்கும் நீரில் எட்டு, பத்து நிமிடம் வேக வேண்டும். முதலில் எண்ணெயில் பொன்னிறமாகப் புரட்டினால் வாசம் வருகிறது. இடது கை ஸ்பூனிலிருந்து உருண்டு உருண்டு ஓடுகிறது. தம்பி சிரித்தான். நானும்தான். பிறகு, "வக்கீல் எனக்கே போன் பண்ணிட்டாருக்கா" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

அக்டோபர் 27, இரவு

தூக்கம் இல்லை. கூஸ்கூஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அது தானியம் இல்லை. டூரம் கோதுமை ரவையில் உப்புநீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் உருட்டி உருட்டிச் செய்வது. வடக்கு ஆப்பிரிக்காவின் அமாசிக் மக்களுடையது. உருட்டி, சலித்து, இரண்டு மூன்று தடவை ஆவியில் வேகவைத்து உதிர்க்க வேண்டும். நான் ஐந்து நிமிடத்தில் முடிப்பது, யாரோ எங்கோ ஏற்கெனவே அவித்துக் காயவைத்துப் பாக்கெட்டில் போட்டதை. ஒற்றைக் கைச் சாப்பாடு என்று பெருமையாக எழுதினேனே, அது முழுக்க இரண்டு கைகளின் வேலை.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரிட்டானியா நான்கும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்திருந்தன. யாருடைய கூஸ்கூஸ் என்று சண்டை போட்டவர்கள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு ஏனோ நெஞ்சு நிறைந்தது. அடுத்த பத்தியிலேயே இருந்தது: 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா மொராக்கோவுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. எட்டே மாதம்.

மணி மூன்று. அரிக்கிறது. பரல் முழங்கைப் பக்கமாக நகர்ந்திருக்கிறது.

நவம்பர் 1, சனி

இன்று பூசணி.

வெட்டவில்லை. வெட்டாமலே முடியும் என்பது இத்தனை நாள் தோன்றவே இல்லை. கழுவித் துடைத்து, கத்தி முனையால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தினேன். குத்தாவிட்டால் உள்ளே ஆவி அடைந்து வெடித்துவிடும். குத்தும்போது, ஐந்தாவது குத்துக்கு அப்புறம், கொஞ்சம் தேவைக்கு அதிகமாகவே குத்தினேன். 200 டிகிரி ஓவனில் முழுசாக வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அரை மணியில் குத்திய ஓட்டைகளில் சாறு முத்து முத்தாகத் துளிர்த்து, வழிந்து, தட்டில் கருகி, வீடெல்லாம் பாகு வாசனை. ஒரு மணி நேரத்தில் தோல் மினுமினுப்பு போய்ச் சுருங்கியது. ஒன்றேகால் மணி நேரத்தில் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. தட்டைத் தூக்க ஒரு கை போதாது. நெருப்பை அணைத்துக் கதவைத் திறந்துவிட்டு, கை தாங்கும் சூடு வரும்வரை உள்ளேயே விட்டேன். அவசரப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம் ஸ்பூன். ஸ்பூனாலேயே பிளந்தேன். விதையை வழித்து எடுத்தேன், சதையைக் கட்டி கட்டியாகத் தோண்டினேன். தின்று பார்த்தால் இனிப்பு, மெத்தென்று. ஆனால் ஓரமே இல்லை. முழுசாகச் சுட்டால் உள்ளே அவிந்ததாகத்தான் இருக்கும், சிவக்காது. அதனால் கட்டிகளைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்து, எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மறுபடி 220-ல் பதினைந்து நிமிடம். இப்போது ஓரம் வந்தது.

கூஸ்கூஸ், மேலே பூசணி, சுட்ட சிவப்பு வெங்காயம், கொண்டைக்கடலை, கொஞ்சம் உலர்திராட்சை, கை நிறையப் புதினா, நிறைய எலுமிச்சை. எலுமிச்சையில் கஞ்சத்தனம் கூடாது. சுட்ட காயெல்லாம் இனிப்பு, கூஸ்கூஸுக்கு என்று தனி ருசி இல்லை, புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயில் திகட்டிவிடும்.

மேடை வெறிச்சென்று இருக்கிறது. இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை.

நவம்பர் 2

விதைகளைக் கழுவி, காயவைத்து, 160-ல் பொரியும்வரை. மிச்சம் பூசணியைச் சாப்பிட்டேன். இரண்டாம் நாள்தான் ருசி. கூஸ்கூஸ் சாற்றையெல்லாம் குடித்துவிடுகிறது.

நவம்பர் 5

ஒன்றும் சமைக்கவில்லை.

நவம்பர் 6

நேற்று மாதிரி.

நவம்பர் 13, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். ரம்பம் அறுக்கும்போது சூடாக இருக்கிறது. உள்ளே இருந்தது என் கைதானா என்று பார்த்தேன். மெலிந்து, தோல் உரிந்து, யாரோ ஒரு வயதான பெண்மணியின் கை. பரலைத் தேடினேன். இல்லை. பிரித்த கட்டை வாங்கி உதறிப் பார்க்கலாமா என்று கேட்க வெட்கமாக இருந்தது.

உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்ப முடியவில்லை. பாதிதான் திரும்புகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

தினமும் மணிக்கட்டை வட்டமாகச் சுழற்ற வேண்டுமாம். வெறும் மேசை மேல் சுழற்றச் சலிப்பாக இருந்தது. கால் கிலோ ரவையை அகலத் தட்டில் கொட்டினேன்.

உப்புநீர் தெளிப்பு. விரல்களை விரித்து, அழுத்தாமல், ஒரே திசையில் வட்டம். கொஞ்சம் மெல்லிய மாவு தூவல். மறுபடி நீர், மறுபடி வட்டம். முதலில் வலி, பிறகு வலி பழகிப்போய் ஒரு சூடு. கால் மணி நேரம் வெறும் ஈர ரவைதான். திடீரென்று விரலுக்கடியில் ஓட்டம் மாறியது. ஒட்டிக்கொண்டிருந்தது உருளத் தொடங்கியது. குனிந்து பார்த்தேன். பரல்கள். ஒன்று கடுகு, ஒன்று மிளகு, ஒன்று கடலை. எதுவும் ஒன்று போல இல்லை. சலித்தேன், பெரியதை உடைத்து மறுபடி உருட்டினேன்.

ஆவிக்குக் கூஸ்கூஸ் பானை இல்லை. குழம்புப் பானையின் மேல் ஓட்டைத் தட்டு. நடுவில் இடைவெளி வழியே ஆவி ஓடுகிறது. அங்கேயெல்லாம் இதற்குத் துணிப்பட்டையை மாவுக்கரைசலில் நனைத்து விளிம்பைச் சுற்றிக் கட்டுவார்களாம். கட்டினேன். பானைக்கு மாவுக்கட்டு. தம்பிக்குப் படம் அனுப்பினேன். கீழே கேரட்டும் கொண்டைக்கடலையும் கொதிக்க, மேலே இருபது நிமிடம், இறக்கி உதிர்த்து நீர் தெளித்து, இன்னொரு இருபது, மறுபடி. சாயங்காலம் ஆகிவிட்டது.

அளவு ஒரு கிண்ணம். கொஞ்சம் கட்டி. பாக்கெட்டில் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் பேச்சே இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

அவன் கூப்பிட்டான். ஓவன் அல்ல. கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். உருட்ட வருகிறது, எழுத வரவில்லை என்றேன். ஒரு நிமிடம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. என்ன உருட்ட வருகிறது என்று கேட்கவே இல்லை.

நவம்பர் 20, வியாழன்

புதுப் பூசணி. வலது கையால் வெட்டிப் பார்த்தேன். கத்தி கழுத்துவரை இறங்கி நின்றுவிட்டது. அழுத்தவும் முடியவில்லை, உருவவும் வரவில்லை. அப்படியே மேடையில் விட்டுவிட்டு வந்து