18 வயது வரை காத்திருக்காதீர்கள்

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, பேச்சு வராது, அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், நாடு முழுக்கச் செல்லும் யுடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையும் மருத்துவ முகாமில் பெரிய சிரமம் இல்லாமல் கிடைத்துவிட்டன. பணம் கைக்கு வரத்தான் படாத பாடு பட்டேன். இதே நிலையில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2019-ல் முதலில் போனது தாலுகா அலுவலகத்துக்கு. உதவித்தொகை என்றாலே தாசில்தார் அலுவலகம்தான் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அங்கிருந்தவர் அட்டையைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார். "18 வயசு முடியட்டும்மா, அப்புறம் வாங்க" என்றார். அவ்வளவுதான். பையனுக்கு அப்போது 14 கூட ஆகவில்லை. விதி அப்படித்தான் போல என்று நம்பித் திரும்பிவிட்டேன்.

அவர் சொன்னது பொய் இல்லை. வருவாய்த் துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை என்று இன்னொன்று இருக்கிறது. அதைக் கொடுப்பது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அது சின்னக் குழந்தைகளுக்கும் உண்டு. அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதம் இருந்தாலே போதும்; தசைச்சிதைவு நோய்க்கும் அதே 40. மற்றபடி கடுமையான உடல் பாதிப்பு என்றால் 75 சதவீதம் கேட்பார்கள். "இங்கே இல்லை, அந்த அலுவலகத்துக்குப் போங்க" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வருடம் போயிற்று. அப்போது மாதம் 1,500 ரூபாய். 54,000 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் சாதாரணக் கணக்கு இல்லை.

2022-ல் பிசியோதெரபிக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெண், "தம்பிக்குப் பராமரிப்புத் தொகை வருதாக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்படித்தான் எனக்கே தெரிந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, ஆனால் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் வாங்கிவிட்டேன். அதில் ஒரு தாள் என்னை ஐந்து முறை நடக்க வைத்தது. வருவாய்த் துறையில் வேறு உதவித்தொகை எதுவும் வாங்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று அது. இரண்டு தொகையையும் சேர்த்து வாங்க முடியாது என்பதால் கேட்கிறார்கள், நியாயம்தான். ஆனால் எங்கள் விஏஓவுக்குப் பக்கத்து கிராமமும் கூடுதல் பொறுப்பு. நான் இங்கே போனால் அவர் அங்கே, நான் அங்கே போனால் அவர் தாலுகா கூட்டத்தில். ஆறாவது முறை காலை எட்டு மணிக்கே அலுவலக வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் வண்டியை நிறுத்தியதும் தாளை நீட்டினேன். இரண்டு நிமிட வேலை. விண்ணப்பத்தைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். "தேவையில்லம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். நகராதீர்கள். பிறகு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தபோது அந்தச் சீட்டில் இருந்த எண்தான் என் கோப்பைத் தேடி எடுத்தது. 2023 ஏப்ரலில் முதல் 2,000 ரூபாய் வந்தது.

அதே வருடம், குடும்பத் தலைவிகளுக்கு மாநில அரசு மாதாமாதம் தரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு முகாம் போட்டார்கள். எங்களுக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழே, நிலம் கிடையாது, கரண்ட் வருடத்துக்கு 3,600 யூனிட்டைத் தொடாது. ஆனாலும் முகாமில் இருந்தவர், "உங்க வீட்டுக்குத்தான் ஏற்கெனவே உதவித்தொகை வருதே, கிடைக்காது" என்றார். கடும் மாற்றுத்திறனாளிக்கான பராமரிப்புத் தொகை வாங்கும் குடும்பம் மற்றத் தகுதிகள் சரியாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. அதைச் சொல்லி விண்ணப்பத்தைக் கொடுத்தேன். செப்டம்பரில் நிராகரிப்பு என்று குறுஞ்செய்தி வந்தது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதால் இ-சேவை மையத்தில் கோட்டாட்சியருக்குப் பதிவு செய்தேன், மகனுக்குத் தொகை வரும் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்து. டிசம்பரில் என் கணக்கில் 1,000 ஏறியது. பிள்ளையின் பணம் வேறு, நாள் முழுக்க அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் எனக்கு வரும் பணம் வேறு. இரண்டையும் குழப்பிச் சொல்பவர்களை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அடுத்து வந்ததுதான் என்னை அழவைத்தது.

2023 அக்டோபரில் மகனுக்கு 18 முடிந்தது. நவம்பரில் பணம் எடுக்கப் போனால் வங்கியில் கொடுக்கவில்லை. மைனர் கணக்காம், வயது வந்துவிட்டதால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். "பையனை அழைச்சிட்டு வந்து கையெழுத்துப் போட வைங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன். வாசலில் மூன்று படி, சரிவுப் பாதை கிடையாது. வாட்ச்மேனும் நானும் சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கினோம். உள்ளே கூட்டம், ஃபேன் சத்தம், அவனுக்குப் பயம். பயந்தால் அவன் கை இறுகிவிடும், கட்டை விரல் மற்ற விரல்களுக்குள்ளே போய்விடும். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கட்டை விரலை மை அட்டையில் வைத்தேன். படிவத்தில் விழுந்தது ஒரு நீலத் தீற்றல். அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரி சொன்னார்: "இவருக்குப் புரியாதேம்மா, இந்த ரேகை செல்லாது. சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று கொண்டு வாங்க." முதல் நாளே சொல்லியிருந்தால் அவனை இப்படி அலைக்கழித்திருக்க வேண்டாம்.

பெற்ற தாய் என்பதெல்லாம் 18 வயது வரைதான் சட்டத்தில் செல்லும். அதன் பிறகு 1999-ம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் கொண்ட குழு முடிவு செய்யும். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலேயே வழி சொன்னார்கள். கணவரின் சம்மதம், பிறப்புச் சான்று, யுடிஐடி, ஆதார் என எல்லாம் கொடுத்து, மகனையும் நேரில் காட்டி, சான்று கைக்கு வர 2024 மார்ச் ஆகிவிட்டது. வாங்கியதோடு விட்டுவிடக் கூடாது. பிள்ளை பெயரில் உள்ள சொத்து விவரத்தை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும்.

சான்றோடு வங்கிக்குப் போனால் மேலாளர், "கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்றார். இந்தக் குழுவின் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருப்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன். "ஏற்க முடியாதுன்னு எழுதிக் கொடுங்க சார்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் என்னைப் பாதுகாவலராகச் சேர்த்துக் கணக்கைத் திறந்துவிட்டார்கள்.

பிள்ளைக்கு 17 நடக்கும்போதே அந்த மாவட்ட அலுவலகத்தில் பாதுகாவலர் சான்று பற்றிக் கேட்டு, தாள்களையெல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். வங்கியிலும் 18 முடிந்தால் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வருடம் ஒருமுறை வாழ்நாள் சான்று கேட்பார்கள், அது போகாவிட்டாலும் தொகை நின்றுவிடும்.

ஐந்து மாதப் பணம் 10,000 சேர்ந்திருந்தது. முதலில் பெரியவர்களுக்கான டயப்பர் நான்கு பாக்கெட் வாங்கினேன், கடன் சொல்லி வாங்கிக்கொண்டிருந்த அதே மருந்துக்கடையில், பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்து.