டேட்டாபேஸ் இன்டர்வியூவுக்குப் படிக்கிறீர்களா? லாக்கை (log) விட்டுவிடாதீர்கள்

பெங்களூரில் டேட்டாபேஸ் வேலை தேடுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஜாயின், இண்டெக்ஸ், நார்மலைசேஷன் என்றுதான் உருப்போடுகிறார்கள். பிடிஎம் லேஅவுட் பிஜியில் நாங்கள் கூடிப் படித்ததும் அப்படித்தான். ஆனால் எனக்கு நடந்த இன்டர்வியூவில் அதிகம் கிளறப்பட்டது வேறு. கேட்டவர் சேலத்துக்காரர், பாதிக்கு மேல் தமிழிலேயே கேட்டார்: “ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுற ஃபங்ஷனுக்குள்ள என்ன நடந்ததுன்னு காலையில எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?”

“ரெய்ஸ் நோட்டீஸ் போடுவேன் சார்” (ஃபங்ஷனுக்குள்ளிருந்து மெசேஜ் அனுப்பும் கட்டளை) என்றால் அடுத்த கேள்வி உடனே வரும்: “சரி, அது எங்க போய்ச் சேரும்?”

விஷயமே இதுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் செட்டிங் எதையும் மாற்றாவிட்டால், நோட்டீஸ் கிளையன்டுக்கு, அதாவது ஃபங்ஷனை அழைத்த புரோகிராமுக்கு, மட்டும்தான் போகும். சர்வர் தன் செய்திகளை எழுதி வைக்கும் லாக் ஃபைலில் வார்னிங்கும் அதற்கு மேலானவையும்தான் பதிவாகும். அந்த நேரத்தில் திரையைப் பார்க்க யாரும் இல்லை, ஜாபின் அவுட்புட்டையும் யாரும் சேமிக்கவில்லை என்றால் நோட்டீஸ் போட்டும் பயனில்லை. நோட்டீஸ், வார்னிங் போன்ற மெசேஜ் வகைகளுக்கு லெவல் என்று பெயர். அவற்றில் லாக் என்ற லெவல் நேர்மாறு. சர்வர் ஃபைலுக்குப் போகும், கிளையன்டுக்கு வராது. வார்னிங் இரண்டு பக்கமும் போகும். இன்ஃபோவோ, கிளையன்ட் செட்டிங் எப்படி இருந்தாலும் கிளையன்டுக்கு வந்தே தீரும்.

இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒரு விண்டோவில் பிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸின் கமாண்ட் லைன் கிளையன்ட்), பக்கத்து விண்டோவில் புது வரிகள் வர வரத் தெரியும்படி லாக் ஃபைலை டெயில் போட்டு வையுங்கள். ஒரு சின்ன டூ பிளாக்கில் (ஃபங்ஷனாகச் சேமிக்காமல் உடனே ஓட்டும் கோட்) ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு ரெய்ஸ் எழுதி ஓட்டுங்கள். எது எந்தப் பக்கம் வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. பைத்தானில் ஃபங்ஷன் எழுதுகிறவர்கள் பிரின்ட்டை நம்ப வேண்டாம், அது கிளையன்டுக்கு வராது. போஸ்ட்கிரெஸ் பைத்தானுக்குத் தரும் பிஎல்பை மாட்யூலில் இதே லெவல்களுக்கு ஃபங்ஷன்கள் இருக்கின்றன.

அடுத்து ரோல்பேக், அதாவது ஒரு டிரான்சாக்ஷன் செய்த மாற்றங்களை ரத்து செய்வது. நாமே உருவாக்கிய லாக் டேபிளில் இன்சர்ட் செய்துவிட்டு, அதே டிரான்சாக்ஷன் எர்ரரில் விழுந்தால் அந்த வரியும் சேர்ந்து போய்விடும். எர்ரர் வந்த நாளில்தான் அந்த வரி நமக்கு வேண்டும்! ரெய்ஸில் போன மெசேஜ் ரோல்பேக்கால் அழியாது. ஆரக்கிளில் அட்டானமஸ் டிரான்சாக்ஷன் இருப்பதால் லாக் டேபிளுக்குத் தனியாக கமிட் செய்யலாம். போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷன் எழுதும் பிஎல் பிஜிஎஸ்கியூஎல் மொழியில் அந்த வசதி கிடையாது. இந்த வித்தியாசத்தை எடுத்துக்காட்டோடு சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆரக்கிள் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: மெசேஜ் காட்டுவதற்கான டிபிஎம்எஸ் அவுட்புட்டில் எழுதுவது பிளாக் முடிந்த பிறகுதான் திரைக்கு வரும். நீளமான லூப் எதுவரை ஓடியிருக்கிறது என்று நடுவில் பார்க்க அது உதவாது. எஸ்கியூஎல் சர்வரில் பிரின்ட்டும் பஃபரில் தங்கும்; உடனே வேண்டுமென்றால் ரெய்ஸ்எரரை நோவெயிட்டோடு போட வேண்டும்.

மெசேஜில் என்ன எழுதுவீர்கள் என்றும் கேட்பார்கள். “இங்கே வந்தது” என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. எந்த ஐடி, எத்தனை வரிகள், எந்தக் கட்டம் என்று இருக்கட்டும். பாஸ்வேர்டும் கார்டு நம்பரும் லாக்கில் வரவே கூடாது.