கப்பல் பட்டியலில் ஒரு குடியாத்தம்

வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகள் ‘அ’ பதிவேட்டையும் சிட்டாவையும் புரட்டியவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் யாராவது பழைய ஊர்ப் பெயரைத் தேடினால் என் வீட்டுக்கு வழிகாட்டிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்தவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த இருபத்து நான்கு வயது இளைஞர். அவருடைய முன்னோர் ஒருவர், டர்பன் அமைந்த நேட்டால் பகுதியில் கரையிறங்கியபோது எழுதப்பட்ட கப்பல் பட்டியலிலிருந்து ஒரே ஒரு வரியை நகலெடுத்து வந்திருந்தார். கூலி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு என எல்லாம் அந்த வரியில் இருந்தன. மாவட்டம் வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம். ஊரின் பெயரை மட்டும் அன்றைய குமாஸ்தா தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள். அந்தப் பட்டியல்களில் வட ஆற்காடு திரும்பத் திரும்ப வருகிறது.

அந்த வரியைப் பார்த்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தவர், மருத்துவப் பயிற்சிக்காக வேலூர் வந்து எங்கள் தெருவில் சில வாரங்கள் தங்கியிருந்த கறுப்பின அமெரிக்க மாணவி. கல்லூரிக் காலத்தில் ஓர் அமைப்பின் செலவில் அவர் கானாவுக்குப் போய் வந்திருந்தார். அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்கள் கடைசியாகக் குளித்த அசின் மான்சோ ஆற்றையும், அவர்கள் கப்பலுக்குத் தள்ளப்பட்ட கேப் கோஸ்ட் கோட்டையின் ‘திரும்பி வராத வாசலை’யும் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை பிறந்தவர் என்பதால் ஒரு கிராமத்தில் அவருக்கு ‘அமா’ என்று பெயர் சூட்டினார்களாம். ஆனால் அது தன் முன்னோரின் ஊர்தானா என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. 1850, 1860 ஆண்டுகளில் அமெரிக்க அரசு எடுத்த அடிமைக் கணக்கில் உரிமையாளரின் பெயர் இருக்கிறது. அடிமைகளுக்கோ பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. விடுதலை பெற்றவர்கள் அனைவரையும் பெயரோடு எழுதியது 1870 கணக்கெடுப்புதான். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் மரபணுச் சோதனை ஏதோ ஒரு வட்டாரத்தைக் காட்டும், ஊரைக் காட்டாது. ஆகவே அவரைப் போன்ற கறுப்பின அமெரிக்க இளைஞர்களைக் கானாவுக்கு அழைத்துச் செல்பவர்கள் ஒரு நாட்டையே ஊராக ஏற்றுக்கொள்ளப் பழக்குகிறார்கள். கானா அரசும் 2019-ஐத் ‘திரும்பும் ஆண்டு’ என்று அறிவித்து அவர்களை வரவேற்றது.

டர்பனிலிருந்து வந்த நம்மவரிடம் ஊர்ப் பெயரே இருந்தது, ஆனால் அதைப் படிக்க ஆள் இல்லை. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘வேர்களைத் தேடி’ திட்டம் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து நம் கலைகளையும் கோயில்களையும் காட்டுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பேருந்து நிறைய வருபவர்களை அவரவர் ஊர் ஏரிக்கரையில் இறக்கிவிட முடியாது. விமானச் சீட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். போய் இறங்கும் இடத்தில் தாலுகா வரைபடத்தை விரித்து உட்கார ஒருவர் இருந்தால்தான் அந்தச் சீட்டுக்குப் பொருள் உண்டு.

குமாஸ்தா எழுதிய பெயரில் ‘மேல்’ என்றோ ‘கீழ்’ என்றோ முன்னொட்டு எதுவும் இல்லை. நம் பக்கத்தில் அப்படி இரட்டை ஊர்கள் ஏராளம். எனவே இரண்டுக்கும் போனோம். முதல் ஊரின் டீக்கடையில் விவரத்தைச் சொன்னதும் வந்த கேள்வி, “என்ன சாதின்னு போட்டிருக்கு?” டர்பனில் அந்தச் சொல்லை அதிகம் கேட்டிராத இளைஞர், தன் கையில் இருக்கும் வரியில் எந்தக் கட்டம் தன்னை எந்தத் தெருவுக்கு அனுப்பும் என்பதை அன்றுதான் அறிந்தார். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தவறு. ஊருக்கு அழைத்துப் போகிறவர், ஊர் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும்.

இரண்டாவது ஊரில், அந்தக் கட்டம் காட்டிய தெருவின் அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, “யாரு வூட்டுப் புள்ளடா நீ?” என்று கேட்டார். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டவர், தகப்பன் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தம் மாமனார் வழியில் அப்படி ஒரு பெயர் உண்டு என்றார். அதை வைத்து உறவை நிறுவ முடியாது. அந்தப் பெயர் எங்கள் தாலுகாவில் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். ஆடி மாதமாதலால் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் சொம்பில் வாங்கிய கேழ்வரகுக் கூழை ஒரு வாய் குடித்த இளைஞர், “அங்கிள், எங்கள் வீட்டிலும் மாரியம்மனுக்கு இதைச் செய்வார்கள், பாரிட்ஜ் பிரேயர் என்போம், ஆனால் வெங்காயம் கடித்துக்கொள்ளத் தர மாட்டார்கள்” என்றார்.

ஊர் இதுதானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதற்குள் தாய்வழி முன்னோர் ஒருவரின் வரியையும் அனுப்பியிருக்கிறார்: வட ஆற்காடு, பலமனேர் தாலுகா. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆற்காட்டை விட்டுப் போய், இன்று ஆந்திரத்தில் இருக்கும் பகுதி அது. அவருடைய தங்கை வரும் ஆடியில் வருகிறாராம். தெலுங்கு படிக்கத் தெரிந்த பழைய சகா ஒருவரோடு உட்கார்ந்து, அதற்குள் அந்தப் பக்கத்துக் கிராமப் பட்டியலைப் பார்த்தாக வேண்டும்.