மூன்று முகவரிகள்: பெர்லினில் ஓர் இடறுகல் பதித்த அனுபவம்

2018 இலையுதிர்காலத்தில் பெர்லினின் ஷோனபெர்க் பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரு வீட்டின் மூன்றாம் மாடிக்கு நாங்கள் குடிவந்தோம். அக்கம்பக்கத்து வீடுகளின் வாசல்களில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கையளவுப் பித்தளைத் தகடுகள் பதிந்திருந்தன. சில வாசல்களில் ஒன்று, சில வாசல்களில் ஏழெட்டு. எங்கள் வாசலில் மட்டும் ஒன்றுகூட இல்லை. 1933-க்கு முன் யூதர்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதி அது. ஐன்ஸ்டைனின் பெர்லின் வீடும் அங்கேதான் இருந்தது. அப்படிப்பட்ட தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் யாரும் இருந்திருக்க மாட்டார்களா என்று தேடத் தொடங்கினேன். ஒரே ஒரு கல்லைப் பதித்து முடிக்க எனக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின. இதே வேலையில் இறங்க நினைக்கும் ஒருவருக்கேனும் பயன்படட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

ஜெர்மன் மொழியில் அந்தக் கல்லுக்கு ஸ்டோல்பர்ஸ்டைன் என்று பெயர். இடறுகல் என்று தமிழில் சொல்லலாம். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் கொலோன் நகரில் இதைத் தொடங்கினார். பத்து சென்டிமீட்டர் அளவுள்ள கான்கிரீட் கனசதுரத்தின் மேற்பரப்பில் பித்தளைத் தகட்டைப் பொருத்தி, நாஜிகளால் கொல்லப்பட்ட அல்லது துரத்தப்பட்ட ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, கடத்தப்பட்ட நாள், முடிவு ஆகியவற்றை எழுத்தெழுத்தாகக் கையால் அடித்துப் பொறிக்கிறார்கள். கொலை தொழிற்சாலை முறையில் நடந்ததால், நினைவுக்கல்லைத் தொழிற்சாலையில் செய்யக் கூடாது என்பது அவர்களின் உறுதி. ஐரோப்பா முழுவதும் இப்போது ஒரு லட்சம் கற்களுக்கு மேல் இருக்கின்றன. பெர்லினில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். கல்லைப் பதிக்கும் இடத்துக்கு ஒரு விதி உண்டு: அந்த மனிதர் தாமாக விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டின் வாசலாக அது இருக்க வேண்டும். விண்ணப்பத் தாளில் இந்த வரியை நான் முதலில் வேகமாகக் கடந்துவிட்டேன். பின்னர் என் மூன்றரை ஆண்டுகளில் பாதியை இந்த ஒரு வரியே எடுத்துக்கொண்டது.

தேடலை 1939-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவ்வாண்டு மே 17 அன்று நடந்த அந்தக் கணக்கெடுப்பில், வழக்கமான படிவத்தோடு ஒரு துணை அட்டையும் வீடுவீடாகக் கொடுக்கப்பட்டது. தந்தை வழியிலும் தாய் வழியிலும் நான்கு பாட்டன் பாட்டிமாரில் யார் யார் யூதர் என்று ஒவ்வொருவரும் அதில் எழுதித் தர வேண்டியிருந்தது. எழுதியவற்றை மூடிய உறையில் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த அட்டைகளில் எஞ்சியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியலை இன்று முகவரியைக் கொடுத்தே தேட முடிகிறது. எங்கள் தெருவையும் வீட்டு எண்ணையும் தட்டினேன். ஆறு பெயர்கள் வந்தன. ஒரு கணவன் மனைவி, அவர்கள் மகள், உள்வாடகைக்கு இருந்த மூவர். எங்கள் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

கூட்டரசு ஆவணக் காப்பகத்தின் நினைவேட்டில் அறுவரின் முடிவும் இருந்தது. அவர்களில் 1871-ல் போசன் மாகாணத்தில் (இன்று போலந்தில் உள்ளது) பிறந்த ஒரு கைம்பெண்ணைப் பற்றித்தான் முதலில் முன்னேற முடிந்தது. எருசலேமில் உள்ள யாத் வாஷெம் என்ற இனப்படுகொலை நினைவகத்தில் அவருக்காக அவருடைய மகன் 1956-ல் தம் கையால் நிரப்பிக் கொடுத்த சாட்சியத் தாள் இருந்ததே அதற்குக் காரணம். தாளைக் கொடுத்தவரின் பெயரும் ஊரும் இருந்தால் உறவினரைத் தேட வழி பிறக்கும். உறவினர் இருந்தால் அவர்களிடம் சொல்லாமல் கல் பதிப்பதில்லை. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரை இணையத்தில் எழுத மாட்டேன். இங்கே அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன்.

வட்டாரத்தில் இந்தப் பணியைச் செய்யும் தன்னார்வலர் குழுவுக்கு எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியல் நீளமானது, ஆய்வை நீங்களே செய்தால் விரைவாகும், முதலில் போட்ஸ்டாமுக்குப் போங்கள் என்று அதில் எழுதியிருந்தது.

பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாம் நகரின் கோல்ம் பகுதியில் பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெர்லின் யூதர்களின் சொத்தைப் பறித்து விற்ற நிதித்துறை அலுவலகத்தின் கோப்புகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் அங்கே உள்ளன. எங்கோ இருண்ட காட்டில் நடந்த கொலை என்றுதான் அதுவரை என் மனம் இந்த இனப்படுகொலையைக் கற்பனை செய்து வைத்திருந்தது. அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தபோது, அதன் பெரும்பகுதி நகரத்தின் நடுவில், அலுவலக நேரத்தில், ரசீது போட்டு நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

கோப்பின் தொடக்கத்தில் பதினாறு பக்கச் சொத்து விவரப் படிவம் இருந்தது. கடத்தப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் ஒவ்வொருவரும் அதை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு, பத்திரங்கள் என்று தொடங்கி, கட்டில், மெத்தை, திரைச்சீலை, பாத்திரம், கைக்குட்டை, உள்பாவாடை என்று அறை அறையாக அது கேட்டுக்கொண்டே போகிறது. அம்மையார் எழுதியது பழைய ஜெர்மன் கையெழுத்து. எனக்கு ஓரெழுத்தும் புரியவில்லை. எங்கள் கட்டடத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பிரதியைத் தம் சமையலறை மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். பெரும்பாலான கட்டங்களில் ஒரு சிறு கோடு மட்டும் இழுத்திருந்தது. தங்கம், வெள்ளி நகைகளை 1939-லேயே யூதர்கள் ஒப்படைத்துவிட வேண்டியிருந்தது. வானொலிப் பெட்டியையும் அதே ஆண்டு பறித்துக்கொண்டார்கள். கம்பளி, உரோம ஆடைகளை 1942 தொடக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள். எஞ்சிய மேசை விரிப்புகளையும் சட்டியையும் ஒரு தையல் கூடையையும் அவர் ஒழுங்காக எழுதியிருந்தார். கையெழுத்தில் தம் பெயருக்கு நடுவே ‘சாரா’ என்று சேர்த்திருந்தார். 1939 ஜனவரி முதல், அரசு ஏற்ற யூதப் பெயர் இல்லாத ஒவ்வொரு யூதப் பெண்ணும் அப்பெயரைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்பது சட்டம், ஆண்களுக்கு ‘இஸ்ரவேல்’.

அடுத்த தாள் பறிமுதல் ஆணை. இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல நாள் ஆயிற்று. 1941 நவம்பர் 25 அன்று வந்த ஆணைப்படி, வெளிநாட்டில் குடியேறும் யூதர் குடியுரிமையை இழப்பார், அவர் சொத்து அரசுக்குச் சேரும். கடத்திக்கொண்டு போவதையே ‘குடியேற்றம்’ என்று கணக்கில் எழுதினார்கள். ஆனால் முதியவர்களைக் கொண்டுபோன தெரேசியன்ஸ்டாட் முகாம், ஜெர்மனி தன் ஆளுகைக்குள் வைத்திருந்த செக் பகுதியில் இருந்ததால் ‘வெளிநாடு’ ஆகவில்லை. ஆகவே அவர்களை ‘மக்களுக்கும் அரசுக்கும் பகைவர்’ என்று அறிவித்து, நீதிமன்ற அமீனா ஒருவர் ஆணையைத் தடுப்பு முகாமிலேயே நேரில் கொடுத்துப் பதிவுசெய்தார். எழுபத்தோரு வயது மூதாட்டி தம்மை அரசின் பகைவர் என்று சொல்லும் தாளைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு கோப்பில் இருக்கிறது. இது போதாதென்று, கையில் பணம் எஞ்சியிருந்த முதியவர்களிடம் தெரேசியன்ஸ்டாட்டில் தங்குமிடமும் உணவும் மருத்துவமும் ஆயுளுக்கும் உண்டு என்று ஒப்பந்தம் எழுதி அந்தப் பணத்தையும் வாங்கினார்கள். அம்மையாரும் அப்படியோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

அதற்குப் பின்வரும் தாள்கள் அவர் போன பிறகு எழுதப்பட்டவை. பொருள்களுக்கு அமீனா போட்ட மதிப்பு, வாங்கிய வியாபாரியின் ரசீது, அறை காலியாகாததால் வாடகை நட்டம் என்று வீட்டுக்காரர் எழுதிய கடிதம், கட்டப்படாத எரிவாயுக் கட்டணத்துக்கான கோரிக்கை. எல்லாவற்றிலும் அவர் ‘குடிபெயர்ந்தார்’ அல்லது ‘வெளியேறினார்’ என்றே இருக்கிறது. நாம் ‘நாடுகடத்தல்’ என்று எழுதுகிறோமே, அந்தச் சொல்கூட அங்கே இல்லை.

கோப்பிலிருந்த முகவரி எங்கள் வீட்டினுடையது அல்ல. 1942 கோடையில் அவர் சற்றுத் தொலைவில் இன்னொரு தெருவில், யூதர்களை நெருக்கியடித்து வைத்திருந்த ஒரு குடியிருப்பின் ஓர் அறையில் இருந்திருக்கிறார். 1939 ஏப்ரல் 30 சட்டம் யூதர்களின் வாடகைப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. அதன்பின் அதிகாரிகள் அவர்களை வீடு வீடாக மாற்ற முடிந்தது. ஆகவே அந்த முகவரி விரும்பி வாழ்ந்த வீடாக இருக்க முடியாது. அப்படியானால் எங்கள் வீடுதான் என்று நான் உறுதியாக நம்பினேன். மனதுக்குள் வாசலில் இடமும் குறித்து வைத்துவிட்டேன்.

குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், பெர்லினின் பழைய முகவரிப் புத்தகங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார். 1943 வரை ஆண்டுதோறும் வந்த அந்தப் புத்தகங்கள் முழுவதும் இணையத்தில் கிடைக்கின்றன. குடும்பத் தலைவர் பெயர், தொழில், தெரு, எண் என்று ஒரே வரியில் இருக்கும். உள்வாடகைக்காரர் பெயர் வராது. எங்கள் வீட்டு எண்ணின் கீழ் அம்மையார் பெயர் எந்த ஆண்டிலும் இல்லை. ஆனால் மூன்று தெரு தள்ளி, 1911 முதல் அவர் கணவரின் பெயர் துணி வணிகர் என்ற குறிப்போடு இருந்தது. 1928 முதல் அதே வரியில் அம்மையாரின் பெயர், ‘விதவை’ என்ற சுருக்கெழுத்தோடு. 1938 வரை மாறாமல் வந்த அந்த வரி 1939 பதிப்பில் இல்லை.

ஏன் வெளியேறினார் என்பதற்கு விடை, போருக்குப் பின் மகன் தொடுத்த இழப்பீட்டுக் கோரிக்கையின் கோப்பில் கிடைத்தது. 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்களும் கடைகளும் தாக்கப்பட்ட சில வாரங்களில், வீட்டுக்காரர் தாயைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்றும், 1939 ஆகஸ்டில் தாம் இங்கிலாந்துக்குப் புறப்படும்போது உள்வாடகை அறையில் அவரிடம் விடைபெற்றதாகவும் அவர் எழுதியிருந்தார். அந்த உள்வாடகை அறை இருந்தது எங்கள் வீட்டில். எங்கள் வாசலில் கல் பதிக்க முடியாது என்பது அந்த வாக்குமூலத்தைப் படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் விதி சரியானது. எங்கள் வீடு அவர் வாழ்ந்த இடமன்று, துரத்தப்பட்டு ஒதுங்கிய இடம். இருபத்தேழு ஆண்டுகள் அவர் பெயரும் அவர் கணவர் பெயரும் இருந்த அந்த வாசலுக்கே கல் உரியது.

இழப்பீட்டுக் கோப்பில் இன்னொரு சிக்கல் இருந்தது. 1950-களில் நீதிமன்றம் அவர் இறந்த நாளை 1945 மே 8 என்று அறிவித்திருந்தது. உண்மையான நாள் தெரியாதவர்கள் பலருக்குப் போர் முடிந்த நாளையே சட்டம் இப்படி எழுதிக் கொடுத்தது. ஆனால் போக்குவரத்துப் பட்டியல்கள் வேறொன்றைச் சொல்கின்றன. 1942 ஜூலையில் பெர்லினின் அன்ஹால்ட்டர் ரயில் நிலையத்திலிருந்து, சாதாரணப் பயணிகள் ரயிலோடு இணைத்த பெட்டிகளில் அவரை தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேலைக்குப் போகிறவர்களும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களும் அதே நடைமேடையில் நின்றிருப்பார்கள். செப்டம்பரில் அங்கிருந்து ட்ரெப்ளிங்கா. ஏறத்தாழ எட்டு லட்சம் யூதர்களை இயந்திரப் புகையால் கொன்ற இடம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் இறங்கிய சில மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டார்கள். ஆகவே நீதிமன்றத் தேதியை விட்டுவிட்டு, 1942-ல் ட்ரெப்ளிங்காவில் கொலை செய்யப்பட்டார் என்று பொறிக்கக் கேட்டோம். ‘இறந்தார்’ என்ற சொல் வேண்டாம், ‘கொலை செய்யப்பட்டார்’ என்றே இருக்கட்டும் என்று நான் எழுதியபோது, அதுதான் எங்கள் வழக்கம் என்று பதில் வந்தது.

உறவினரைத் தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாட்சியத் தாளில் இருந்த ஊருக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. அங்குள்ள தொழுகைக்கூடத்தின் வழியாக அனுப்பிய இரண்டாம் கடிதத்துக்கு ஐந்து மாதம் கழித்துக் கொள்ளுப் பேரன் பதிலளித்தார். வீட்டில் யாரும் பாட்டியைப் பற்றிப் பேசியதில்லை என்றும், கோப்பின் பிரதி கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்.

இதற்கிடையில் ஊரிலிருந்து என் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: “பேரைத் தரையிலயா பதிக்கிறீங்க? ஆளுங்க மிதிக்க மாட்டாங்களா?” எழுதிய தாள் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவன் நான், என்னிடம் பதில் இல்லை. இதே காரணத்தைச் சொல்லித்தான் மியூனிக்கில் யூத சமூகத் தலைவி ஷார்லோட்டே குனோப்லோக் எதிர்த்தார். அந்த நகரம் இன்றும் பொது நடைபாதையில் இந்தக் கற்களை அனுமதிப்பதில்லை. அதைத் தவறென்று என்னால் சொல்ல முடியாது. கொள்ளுப் பேரனிடமே கேட்டேன். படிக்க வேண்டுமானால் தலை குனிய வேண்டுமல்லவா, அது போதும் என்றார். அவர் குடும்பத்தின் சொல்லுக்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

2022 வசந்தத்தில் கல் வந்தது. கட்டணம் 120 யூரோ. எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அம்மையாரின் பழைய வீடு குண்டுவீச்சில் அழிந்து, அந்த எண்ணில் 1950-களில் கட்டிய எளிய கட்டடம் நிற்கிறது. நடைபாதை பொது நிலம் என்பதால் அங்கே குடியிருப்போரின் ஒப்புதல் தேவையில்லை. இருந்தாலும் ஒவ்வொரு அஞ்சல் பெட்டியிலும் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். பதினோரு பேர் கீழே வந்தார்கள். நான்கு கற்களைப் பெயர்த்து, குழியில் மணலிட்டு, கல்லை இறக்கி, ரப்பர் சுத்தியால் தட்டிச் சமப்படுத்த இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இறந்தோருக்காகச் சொல்லும் கத்தீஷ் என்ற யூத வேண்டுதலுக்குப் பத்து யூதர் வேண்டும். அவ்வளவு பேர் இல்லாததால் கொள்ளுப் பேரன் வேதநூலின் சங்கீதப் பாடல் ஒன்றை எபிரேயத்தில் படித்தார். ஆசிரியை, சொத்துப் படிவத்தில் அம்மையார் எழுதியவற்றை அவர் எழுதிய வரிசையிலேயே படித்தார். தையல் கூடை என்ற இடத்தில் அவர் குரல் நின்று மீண்டும் தொடர்ந்தது.

பித்தளை ஓராண்டில் கறுத்துவிடும். 1938 தாக்குதலின் நினைவுநாளான நவம்பர் 9-ஆம் தேதியும், இனப்படுகொலை நினைவுநாளான ஜனவரி 27-ஆம் தேதியும் பலர் தங்கள் தெருக் கற்களைத் துலக்குகிறார்கள். கம்பி நார் கூடாது, எழுத்து தேயும். நான் எங்கள் வீட்டில் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளியைக் கரைத்து, மென்மையான துணியால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன்.

எங்கள் வாசலில் இன்னும் கல் இல்லை. அந்தக் கணவன் மனைவியும் மகளும் 1926 முதல் எங்கள் வீட்டிலேயே, தங்கள் பெயரிலேயே வாடகைக்கு இருந்ததை முகவரிப் புத்தகத்தில் பார்த்துவிட்டேன். போட்ஸ்டாமிலிருந்து அவர்கள் கோப்பின் எண் சென்ற வாரம் வந்தது.