பசியாறாத பிள்ளைகளுக்காக ஒய்.பி.யைப் பார்க்கப் போனோம்

கோலாலம்பூரில் ஒரு பி.பி.ஆர். அடுக்குமாடியில், அதாவது ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில், குடியிருக்கிறேன். மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). சனிக்கிழமை காலையில் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறோம். "பசியாறியாச்சா?" என்று கேட்டால் சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். இடைநிலைப்பள்ளியில் முதல் வகுப்பான படிவம் ஒன்று படிக்கும் ஒரு பெண் மட்டும் வாய் திறந்தாள்: "மத்தியானம் சேர்த்துச் சாப்பிட்டுக்கலாம்னு அம்மா சொன்னாங்க டீச்சர்."

போன வருடம் வரை அவளுக்குப் பள்ளியிலேயே ஆர்.எம்.டி. சாப்பாடு கிடைத்தது. அது ஆரம்பப்பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம். ஆறாம் ஆண்டு முடிந்தது, சாப்பாடும் நின்றது. அப்பாவின் சம்பளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரான ஒய்.பி.யிடம் போவோம் என்று முடிவு செய்தோம். மற்ற மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர் என்று இன்னொருவர் இருப்பார். இது கூட்டரசுப் பிரதேசம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்தான். மாநகரத் தலைவரான டத்தோ பண்டாரும் நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை.

முதல் தடவை லிப்ட், குப்பை, எலி, வாடகை பாக்கி, பள்ளிச் செலவு என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சேவை மையத்துக்குப் போனோம். அங்கிருந்த உதவியாளர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் அரிசி, எண்ணெய், பிஸ்கட் வைத்த உணவுக்கூடைகளைக் கொடுத்து, படம் பிடித்து அனுப்பிவிட்டார். கூடையை நான் பழிக்கவில்லை, ஒரு வாரம் அடுப்பெரிந்தது. ஆனால் நாங்கள் கேட்கப் போனது அதை இல்லை.

இரண்டாவது தடவை மலாயில் ஒரே பக்கம். முதல் பத்தியில் யூனிசெஃப் 2018-ல் கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, 15 விழுக்காட்டினர் எடை குறைவு. இவ்வளவும் இரட்டைக் கோபுரம் தெரியும் ஊரில். அடுத்து, எங்கள் மாடியில் கதவு தட்டி நாங்களே கேட்டு எழுதியது. கடைசியில் ஒரே கோரிக்கை: அந்த ஆர்.எம்.டி. சாப்பாட்டை இடைநிலைப்பள்ளிக்கும் நீட்டிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. அவருக்கு ஏழு பிள்ளைகள், எல்லாரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். சமூகநலத் துறையின் உதவித்தொகை 2024-ல் ஏழிலிருந்து பதினெட்டு வயது வரை பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி, ஆறு வயது வரை 200 வெள்ளியாக இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு 1,000 வெள்ளிதான் உச்சவரம்பாக இருந்தது. அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்: "ஆயிரத்து ஐம்பது வருது. கடைசிப் பிள்ளைக்கு மட்டும் ஐம்பது வெள்ளிக்குப் பசிக்காதா?" அதையும் சேர்த்தோம். எனக்குத் தயக்கம்தான், இரண்டு கேட்டால் ஒன்றை மறந்துவிடுவார்கள்.

பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும் என்பதால் ஆகஸ்டிலேயே கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். யாராவது போவதாக இருந்தால் இந்த முத்திரையை மட்டும் விடாதீர்கள். "கடிதம் வரவில்லையே" என்று ஒரு மாதம் கழித்துச் சொன்னபோது அதுதான் காப்பாற்றியது.

பட்ஜெட் விவாதத்தை அக்கா வீட்டில் கைப்பேசியில் பார்த்தோம். ஒய்.பி. பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி அரை நிமிடம் பேசினார். உச்சவரம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நம்மளது எங்க?" என்றார் அக்கா.

அதன் பிறகு அந்த உச்சவரம்பை நாடாளுமன்றக் கேள்வியாகவே போடச் சொல்லிக் கடிதம் எழுதினோம். பேச்சென்றால் காற்றோடு போகும், கேள்வியென்றால் அமைச்சு பதில் சொல்ல வேண்டும். இந்த முறை அக்காவின் கணக்குதான் முதல் வரி.